மலையேறும் கணினிப் பெட்டி

கல்வியைத் தேடி மாணவன் செல்வதும், கருமத்தைத் தேடிக் குடிமகன் செல்வதும் உலக வழக்கம். நூல்நிலையம் நகரத்தில் இருக்கிறது. ஆகவே நாம் நகரத்துக்குப் போகின்றோம். அரசாங்கக் காரியாலயம் பட்டினத்தில் இருக்கிறது. ஆகவே நாம் பட்டினத்துக்குப் போகின்றோம். சமதரையிலே வாழ்வோருக்கு இஃது ஒரு பெரிய காரியமன்று. ஆனால், மலைநாட்டிலே வாழ்வோரைக் கேட்டுப் பாருங்கள்! எதிர்மலையிலே கைநீட்டினால் தொட்டுவிடலாம் போலத் தோன்றும் லயத்துக்குப் போய்ச் சேர வேண்டுமாயின், பள்ளத்தில் இறங்கி, ஆற்றைக் கடந்து, தேயிலைச் செடிகளின் நடுவே மறுபடியும் ஏற வேண்டும். மழைக்காலமாயின் வழி இரட்டிப்பாகும். நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களிலிருந்து ஒரு பிறப்புச் சான்றிதழின் பிரதிக்காகவும், ஒரு விண்ணப்பத்தை நிரப்புவதற்காகவும் ஒரு நாட் சம்பளத்தை இழந்து நகரத்துக்குச் செல்வோர் எத்தனை பேர்!

இத்தகைய நாட்டிலே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நூறு மனிதர் ஒரு யந்திரத்தைத் தேடி மலை இறங்குவது தக்கதா, அல்லது ஒரு யந்திரம் நூறு மனிதரைத் தேடி மலை ஏறுவது தக்கதா? கணினியையும், அதன் திரையையும், பற்றரியையும், படங்களைப் பதிவு செய்யும் கருவியையும் ஒரே வலிய பெட்டிக்குள் அமைத்து, கையிலே தூக்கிச் செல்லும் முறையைப்பற்றி இங்கே ஆராய்வோம்.

"மடிக்கணினி கடையிலே கிடைக்கும்போது பெட்டி எதற்கு?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஒருவர் தம் மேசைமேல் வைத்து எழுதுவதற்கு மடிக்கணினியே போதும். ஆனால், அது மெல்லிய உடம்புடையது. அதன் பிணைச்சல் முறிந்தால், அல்லது உள்ளே ஈரம் புகுந்தால், திருத்துவதற்கு நகரத்துக்கே அனுப்ப வேண்டும். நாமே அமைத்த பெட்டியிலோ ஒவ்வோர் உறுப்பும் தனித்தனி. திரை பழுதானால் திரையை மட்டும் மாற்றலாம். பற்றரி தளர்ந்தால் பற்றரியை மட்டும் மாற்றலாம். அமைத்தவனே திருத்தவும் வல்லவனாவான் என்பதுதான் இதன் பெருஞ் சிறப்பு.

தேயிலைப் பெட்டி தந்த பாடம்

நுட்பமான பொருளொன்றை வலிய பெட்டியில் அடைத்து நெடுந்தூரம் அனுப்பும் வித்தை மலைநாட்டுக்குப் புதிதன்று. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்திலே தேயிலையை வர்த்தகப் பயிராகத் தொடங்கிய பின்னர், இந்நாட்டுத் தேயிலை கடல் கடந்து செல்லலாயிற்று. தொழிற்சாலையிலே உலர்த்தி முடித்த தேயிலையில் எஞ்சியிருப்பது ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்கு ஈரமே. திறந்து வைத்தால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மணமிழந்துவிடும். கப்பற் பயணமோ வாரக்கணக்கில் நீடிப்பது.

இதற்காக அக்காலத்தவர் செய்த பெட்டியைப் பாருங்கள். வெளிச்சுவர் ஒட்டுப்பலகையால் ஆனது. விளிம்புகளிலெல்லாம் தகரப் பட்டை அறையப்பட்டது. உள்ளே உலோகத்தாள் விரிக்கப்பட்டது. தேயிலை அசையாதபடி பெட்டியைக் குலுக்கிக் குலுக்கி இறுக நிரப்பினார்கள். கடதாசிப் பைகள் வழக்கில் வந்த பின்னர் இப்பெட்டிகள் அருகிப் போயின. ஆயினும் அவை கற்பித்த மூன்று பாடங்கள் அழியவில்லை. வெளிச்சுவர் அடியைத் தாங்க வேண்டும்; உட்சுவர் ஈரத்தைத் தடுக்க வேண்டும்; உள்ளேயிருக்கும் பொருள் அசையாதிருக்க வேண்டும். கணினிப் பெட்டிக்கும் இம்மூன்றே இலக்கணம்.

திருவண்ணாமலையில் வளர்ந்த சிறுவன்

கணினியைப் பெட்டிக்குள் அடக்கும் முயற்சி ஏறத்தாழ அரை நூற்றாண்டுப் பழைமையுடையது. 1975 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 5100 என்னும் கணினியைத் 'தூக்கிச் செல்லத்தக்கது' என்றே அழைத்தார்கள். அதன் எடையோ ஏறத்தாழ 25 கிலோகிராம்! வர்த்தக உலகிலே முதன்முதல் பெருவெற்றி கண்ட கைப்பெட்டிக் கணினி 1981 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவிலே அறிமுகமாயிற்று. அதன் பெயர் 'ஒஸ்போர்ன் 1'. அதை வெளியிட்ட அடம் ஒஸ்போர்ன் தமிழ்நாட்டிலே வளர்ந்தவர் என்பதை நம்மிற் பலர் அறியோம்.

அவர் 1939 இல் பாங்கொக் நகரிலே பிறந்தார். தந்தை ஆதர் ஒஸ்போர்ன் ஆங்கிலேயர். தாயார் போலந்து நாட்டவர். இரண்டாவது உலகப் போரின்போது தந்தை பாங்கொக்கிலே ஜப்பானியரின் சிறைமுகாமில் இருக்க, தாயாரும் பிள்ளைகளும் திருவண்ணாமலையிலே ரமண மகரிஷியின் ஆச்சிரமத்தை அடுத்து வாழ்ந்தார்கள். அடம் அங்கே வளர்ந்து, கொடைக்கானல் மலையிலே பள்ளியிற் பயின்றார். பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கற்று, இரசாயனப் பொறியியலிலே கலாநிதிப் பட்டம் பெற்றார். கணினி நூல்களை எழுதிப் புகழடைந்த பிறகே கணினி செய்யும் தொழிலில் இறங்கினார்.

அவருக்காக லீ பெல்சன்ஸ்டைன் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த அந்தக் கணினி, நம் வீடுகளில் உள்ள தையல் யந்திரத்தின் பெட்டியை ஒத்திருந்தது. விமான ஆசனத்தின் கீழே வைக்கத்தக்க அளவு. எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். விலை 1,795 டொலர். மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகையாயிற்று. எழுதுவதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் வேண்டிய மென்பொருள்கள் யாவும் அவ்விலைக்குள் அடங்கியிருந்தன.

குறைகளும் இல்லாமலில்லை. திரையின் அளவு 5 அங்குலமே. ஒரு வரியிலே 52 எழுத்துகளே தெரிந்தன. பெட்டிக்குள்ளே பற்றரி கிடையாது; மின்சாரம் உள்ள சுவரருகே போனாலன்றி அது வேலை செய்யாது. இருந்தபோதிலும் மக்கள் அதை விரும்பி வாங்கினர். ஆனால், புதிய மாதிரி வரப்போகிறது என்ற செய்தி முன்கூட்டியே வெளியானபோது, வாங்க இருந்தோர் காத்திருக்கத் தொடங்கினர், போட்டியாளரும் பெருகினர். 1983 செப்தெம்பரிலே அந்நிறுவனம் முறிந்தது. நோயுற்ற ஒஸ்போர்ன் இந்தியாவுக்குத் திரும்பி வந்து, தாம் சிறுவனாய்ப் பயின்ற கொடைக்கானலிலேயே 2003 மார்ச் மாதத்தில் காலமானார். நிறுவனம் மறைந்தாலும், 'கணினி மனிதனோடு செல்ல வேண்டும்' என்ற எண்ணம் மறையவில்லை.

கொத்மலையின் முச்சக்கர வண்டி

அந்த எண்ணத்தின் இன்னொரு வடிவத்தை நமது நுவரெலியா மாவட்டத்திலேயே காண்கின்றோம். கொத்மலை நீர்த்தேக்கத்தை அடுத்த பகுதியிலே 1989 இல் ஒரு சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. தொண்ணூறுகளின் இறுதியிலே யுனெஸ்கோவின் உதவியோடு அங்கே இணையத் தொடர்பும் வந்தது. கணினியைக் கண்ணாலும் காணாத நேயர்கள் தம் கேள்விகளை நிலையத்துக்கு அனுப்புவார்கள். ஒலிபரப்பாளர் இணையத்திலே விடையைத் தேடி, மக்கள் பேசும் மொழியிலே வானொலி மூலம் சொல்லுவார். கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய நகரங்களிலும் பொதுமக்கள் இணையத்தைப் பயன்படுத்த இடங்கள் அமைக்கப்பட்டன.

ஆயினும் அங்கே வரமுடியாதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக, இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே, ஒரு முச்சக்கர வண்டியையே தகவல் நிலையமாக மாற்றினார்கள். அதிலே மடிக்கணினி, பற்றரியால் இயங்கும் அச்சுக்கருவி, புகைப்படக் கருவி, தொலைபேசி, படப்பதிவுக் கருவி ஆகியவை இருந்தன, கூரைமேல் ஒலிபெருக்கி, மின்சாரத்துக்கு ஒரு சிறு மின்பிறப்பாக்கி. வழமையாக மீன் விற்கவும் பாண் விற்கவும் வந்த வண்டியிலே அறிவும் ஏறி வந்தது! வண்டி போகக்கூடிய இடம் வரைக்கும் அது போயிற்று. வண்டிப்பாதை முடிந்து ஒற்றையடிப்பாதை தொடங்கும் இடத்திலேதான் நமது கைப்பெட்டியின் வேலை தொடங்குகின்றது.

பெட்டியை அமைக்கும் முறை

கைத்தொழிலில் ஆர்வமுள்ள உயர்வகுப்பு மாணவர்கள் ஓர் ஆசிரியரின் துணையோடு இதை அமைக்கலாம். முதலிலே எடையைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். மலையேறும் ஒருவர் ஒரு கையால் தூக்க வேண்டியிருப்பதால், அனைத்தும் சேர்ந்து 10 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. பெட்டி தடித்த பிளாஸ்டிக்கினாலோ அலுமினியத்தினாலோ ஆனதாய், மூடியின் விளிம்பிலே றப்பர் வளையம் உடையதாய் இருத்தல் நன்று.

கணினியாக ஒரு சிறு சுற்றுப்பலகையே போதும். 2012 இல் பிரித்தானியாவிலிருந்து வெளிவந்த ராஸ்பெரி பை என்பதும், அதை ஒத்த பிறவும் உள்ளங்கையளவே உள்ளன. உண்ணும் மின்சாரமும் சொற்பம். 10 முதல் 13 அங்குலம் வரையான திரையை மூடியின் உட்புறத்திலே பொருத்துக. ஒஸ்போர்ன் கணினியின் 5 அங்குலத் திரையால் அக்காலத்தவர் பட்ட கண்வலி நமக்கு வேண்டாம். விசைப்பலகையை அடித்தட்டின் மேலே அமைக்குக. சுழலும் தட்டுள்ள சேமிப்பகத்தைத் தவிர்த்து, சுழலும் உறுப்பில்லாத திண்மநிலைச் சேமிப்பகத்தையே கொள்ளுதல் வேண்டும். குலுக்கத்தால் அதற்குக் கேடு குறைவு.

இனி மின்சாரக் கணக்கு. சுற்றுப்பலகையும் திரையும் சேர்ந்து ஏறத்தாழ 20 வாற்று கொள்ளும் என வைப்போம். இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகையைச் சேர்ந்த 12.8 வோல்ற்று, 12 அம்பியர்-மணி பற்றரி ஒன்றிலே, 12.8 ஐ 12 ஆல் பெருக்க, ஏறத்தாழ 153 வாற்று-மணி சக்தி கிடைக்கும். அதனை 20 ஆல் வகுத்தால் ஏழரை மணி நேரம். இடையிலே ஏற்படும் இழப்பைக் கழித்தால் ஆறு மணி நேரமாவது நிச்சயம்; ஒரு பள்ளிக்கூட நாளுக்கு அது தாராளம். மலிவான ஈய-அமிலப் பற்றரியைக் கொள்ளுவோர், 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி அளவிலே 84 வாற்று-மணியே பெறுவர். அதிலும் பாதியையே செலவிடல் வேண்டும், இல்லையேல் அதன் ஆயுள் குன்றும். ஆகவே இரண்டு மணி நேரமே கிட்டும்; எடையோ 2 கிலோகிராமுக்கு மேல்.

ஆபத்தைப்பற்றியும் ஒரு சொல். இந்நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அதைப் பெட்டிக்குள்ளே கொண்டுவரவே கூடாது. மின்னேற்றி வெளியே இருக்கட்டும். உள்ளே செல்வது 12 வோல்ற்று மட்டுமாக இருக்கட்டும். பற்றரியின் நேர்முனைக்கு மிக அருகிலே ஓர் உருகி அவசியம். இலிதியப் பற்றரியாயின் பாதுகாப்புச் சுற்று உள்ளதையே வாங்குக. மூடிய பெட்டிக்குள் வைத்து மின்னேற்றாதீர்கள்.

ஈரமும் காற்றும்

மலைநாட்டிலே பெட்டிக்கு முதற் பகை மழையன்று, பனியும் மூடுபனியுமே. கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே, ஆண்டின் தொடக்க மாதங்களில் சில இரவுகள் புல்நுனி உறையுமளவுக்குக் குளிர்கின்றன. அக்குளிரிலே கிடந்த பெட்டியை, அடுப்பெரியும் அறைக்குட் கொண்டுபோய் உடனே திறந்தால் என்னாகும்? குளிர்ந்த நீர் நிரம்பிய குவளையின் புறத்தே துளி அரும்புவது போலச் சுற்றுப்பலகையின் மேலும் நீர் அரும்பும். ஆகவே, அறையின் வெப்பத்தைப் பெட்டி அடையும் வரை அரை மணியோ ஒரு மணியோ மூடியபடியே வைத்திருந்து, பின்னர் திறத்தல் வேண்டும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டணங்களை இட்டு வைத்தால் அவை எஞ்சிய ஈரத்தை உறிஞ்சும்.

இரண்டாவது பகை காற்றின் அமுக்கம். இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நுவரெலியாவின் காற்றமுக்கம் கடற்கரையிலுள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றுப்புகாத பெட்டியொன்றை அங்கே இறுக மூடிக் கொழும்புக்குக் கொண்டுவருவோமாயின், வெளிக்காற்று மூடியை உள்நோக்கி அழுத்தும். 40 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் உடைய மூடியின்மேல் விழும் அந்த அழுத்தம் 200 கிலோகிராம் எடைக்கும் மேலாகும்! எவ்வளவு பலசாலியாயினும் அதைத் திறப்பது அரிது. ஆதலினாலே நல்ல பெட்டிகளிலே, நீரை விடாது காற்றை மட்டும் விடும் ஒரு சிறு வால்வை அமைத்திருக்கிறார்கள். பெட்டி வாங்கும்போது அதனைப் பார்த்து வாங்குக.

வெப்பத்தைப்பற்றி அஞ்ச வேண்டியதில்லை. மலைக்காற்று மெலிந்தது, ஆகவே விசிறி தள்ளும் காற்று வெப்பத்தைச் சற்றுக் குறைவாகவே கொண்டுபோகும். ஆனால், மலையின் குளிர் அக்குறையை நிரப்பிவிடும். பயணத்திலே மூடுக, பணியிலே திறக்க என்னும் விதியைக் கைக்கொண்டால் போதும்.

பெட்டி எங்கே போக வேண்டும்?

இவ்வளவு பாடுபட்டுச் செய்த பெட்டியால் என்ன பயன்? இரண்டு பயன்களைச் சொல்லுவோம்.

ஒன்று, மாணவர்க்கு. 2020 ஆம், 2021 ஆம் ஆண்டுகளிலே கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையத்தின் சமிக்ஞையைத் தேடி மலைநாட்டுப் பிள்ளைகள் குன்றின் உச்சிகளுக்கு ஏறியதைச் செய்தித்தாள்களிலே கண்டோம். சமிக்ஞை இல்லாத இடத்திலும் அறிவு இருக்க முடியும். தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கி, இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டுள்ளது. அதனை முழுவதும் ஒரு சேமிப்பகத்திலே இறக்கி, இணையமின்றியே வாசிக்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கின்றது. பெட்டியிலுள்ள கணினி தன்னைச் சுற்றி ஒரு சிறு கம்பியில்லா வலையை விரித்தால், வகுப்பிலுள்ள பிள்ளைகள் தம் வீட்டுத் தொலைபேசிகளிலே அதனைப் படிக்கலாம், காசும் செலவில்லை.

மற்றொன்று, குடும்பங்களுக்கு. காகிதம் ஒன்று இல்லாமையால் நேரும் துன்பத்தை மலையக மக்களைப்போல் அறிந்தவர் வேறு யார்? 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவர்களாக்கியது. முன்னோர் இந்நாட்டிலே பிறந்தமைக்குச் சான்று காட்டுக என்று கேட்கப்பட்டபோது, காட்டக் காகிதம் இல்லாதவர் எத்தனையோ பேர். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது; உறவினர் பிரிந்தனர்; கப்பலேறினர். எஞ்சியோரின் பிரஜாவுரிமைக்கு 2003 இலேதான் சட்டம் முடிவாக வழி செய்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இன்றும் அக்குடும்பங்களின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பழைய கடவுச்சீட்டு, பாட்டனின் ஒரேயொரு புகைப்படம் யாவும் லயத்துக் காம்பராவிலே ஒரு றங்குப் பெட்டிக்குள் இருக்கின்றன. கூரை ஒழுகும், தீயும் பிடிப்பதுண்டு, மலை சரிவதும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்திலே லயங்கள் மண்ணுள் புதையுண்டன. போன உயிருக்கு ஈடில்லை. ஆனால், உயிர் தப்பியவன் உதவி கேட்டு நிற்கும்போது, "நீ யார்? சான்று எங்கே?" என்னும் கேள்வி எழுகின்றதே! அந்தச் சான்று ஏற்கெனவே படமாக்கப்பட்டு வேறோரிடத்திலும் இருந்தால், அவன் சுமை ஒரு பங்காவது குறையும்.

முதிய தாயார் ஒருவர் அக்காகிதங்களை மடியிற் கட்டிக்கொண்டு நகரத்துக்கு இறங்க வேண்டியதில்லை. பெட்டி அவருடைய வாசலுக்குப் போகட்டும். அவர் கண்ணெதிரே ஒவ்வொரு தாளும் படமாகட்டும். தாள் அவர் கையிலேயே எஞ்சட்டும். படத்தின் பிரதியும் அவர் குடும்பத்தாரிடமே கொடுக்கப்படட்டும். பிறர் ஆவணத்தை அவர் அனுமதியின்றி எவருக்கும் காட்டாதிருத்தல் பெட்டியைச் சுமப்போரின் முதற் கடமை. பொதுவாகப் பகிரத்தக்க பழைய நூல்களும் சங்க மலர்களும் கிடைத்தால், 2005 முதல் இலங்கைத் தமிழரின் எழுத்துகளை எண்ணிம வடிவிலே சேகரித்து வரும் நூலக நிறுவனத்துக்கு அவற்றின் படிகளை வழங்கலாம்.

ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக மலைநாட்டிலிருந்து பெட்டிகள் இறங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. அவற்றிலே சென்ற தேயிலையை உலகம் பருகியது. அப்பெட்டிகளைத் தம் உழைப்பால் நிரப்பியவர்களின் வாசலுக்கு இனி ஒரு பெட்டி மேலேறிச் செல்ல வேண்டும். அதனைச் செய்வதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டியதில்லை. திருகாணி முடுக்கத் தெரிந்த நாலு மாணவரும், வழிகாட்ட ஓர் ஆசிரியரும், சுமந்துசெல்ல உறுதியுள்ள ஒரு கையும் இருந்தாற் போதும். அடுத்த விடுமுறையில் எந்தப் பாடசாலை முன்வரப் போகின்றது?